கனரக டீசல் எஞ்சினில் எரிபொருள் அமுக்க உணரி: பிழை நாடும் முறை

இக்காலத்துக் கனரக வாகனங்களை ஓட்டுவோரையும் திருத்துவோரையும் பெரிதும் இடர்ப்படுத்தும் குறைகளுள் எரிபொருள் அமுக்க உணரியைப் பற்றிய குறையும் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் லொறியின் முகப்பிலே எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. எஞ்சின் வலுவிழந்து ஏற்றத்தில் இளைக்கின்றது. சோதனைக் கருவியைப் பூட்டிப் பார்த்தால் அது அமுக்க உணரியின் பெயரைச் சொல்லுகின்றது. உடனே உணரியைக் கழற்றி எறிந்து புதியதொன்றை வாங்கிப் பூட்டுகின்றனர். சில வேளைகளிற் குறை நீங்கும். பல வேளைகளில் நீங்காது. பணமும் நாளும் வீணாவதே மிச்சம்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவோரும் உளர். 2013ஆம் ஆண்டிலே க.பொ.த. உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்ற பின்னர், எந்திரவியற் சொற்களுக்குப் பொருள் கேட்டு மாணவர் என்னிடம் வருவதுண்டு. அவர்பொருட்டுக் கையேடுகளிற் கற்றவற்றையும், வாகனத் தொழிலில் ஈடுபட்டுள்ள பழைய மாணவரிடம் கேட்டறிந்தவற்றையும் ஈண்டு எழுதலானேன். இக்குறையை ஆராய்வதிற் பாதி வேலை சொல்லின் பொருளைச் சரிவர உணர்வதேயாம் என்பதை வாசகர் போகப்போகக் காண்பர்.

முதலில் எஞ்சினின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ருடோல்ப் டீசல் என்பார் 1897ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். காற்றை இறுக்கிச் சூடாக்கி, அச்சூட்டில் எரிபொருளைச் செலுத்தி எரியச் செய்வதே அதன் அடிப்படை. அவ்வடிப்படை இன்றும் மாறவில்லை; எரிபொருளைச் செலுத்தும் முறையே மாறியது. நெடுங்காலம் பம்பியானது ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிக் குழாய் வழியே எரிபொருளைத் தள்ளிவந்தது. 1995ஆம் ஆண்டில் ஜப்பானிய டென்சோ நிறுவனம் ஹினோ லொறியிற் புதியதொரு முறையைப் புகுத்தியது. பம்பி எரிபொருளை ஒரே குழாயில் இறுக்கிச் சேமித்து வைக்கும். எல்லா இன்ஜெக்டர்களும் அப்பொதுக்குழாயிலிருந்தே எரிபொருளைப் பெறும். இதனையே பொதுக்குழாய் முறை என்கின்றனர்.

அப்பொதுக்குழாயிலுள்ள அமுக்கம் மிகப் பெரிது. லொறியின் சக்கரத்திலே அடைக்கும் காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 8 பார். பொதுக்குழாயிலோ எஞ்சின் வெறுமனே ஓடும்போதே 300 அல்லது 400 பார் இருக்கும்; பாரம் இழுக்கும்போது அஃது 1,600 பாரையும் கடந்து செல்லும். இதனை இடையறாது அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கும் தூதனே அமுக்க உணரி. அதனுள்ளே மெல்லிய உருக்குத் தகடொன்று உண்டு. அமுக்கத்தால் அத்தகடு நுண்ணிதாக வளையும். வளையவே அதன்மேல் அமைந்த மின்தடைகளின் அளவு மாறும். அம்மாற்றம் மின்னழுத்தமாக வெளிப்படும்.

இவ்வுணரிக்கு மூன்று வயர்கள் உண்டு. ஒன்று 5 வோல்ற்று மின்னூட்டத்தைக் கொண்டுவருவது. மற்றொன்று திரும்பிச் செல்லும் புவித்தொடுப்பு. மூன்றாவது செய்தியைக் கொண்டுசெல்வது. 1,800 பார் வரை அளக்கும் உணரியொன்றை எடுத்துக்கொள்வோம். அமுக்கம் அறவே இல்லாதபோது செய்தி வயரில் 0.5 வோல்ற்றும், 1,800 பாரில் 4.5 வோல்ற்றும் காணப்படும். ஆகவே ஒரு வோல்ற்று உயர்வு 450 பாரைக் குறிக்கும். செய்தி வயரில் 1.3 வோல்ற்று இருப்பின் அமுக்கம் 360 பார் என்று மாணவர் எளிதிற் கணித்துக்கொள்ளலாம்.

அமுக்கம் இல்லாதபோது பூச்சிய வோல்ற்றைக் காட்டாது 0.5 வோல்ற்றைக் காட்டுவது ஏன்? வயர் அறுந்தாலோ வேறொன்றிற் பட்டாலோ மின்னழுத்தம் பூச்சியத்துக்கு வீழும், அன்றி 5 வோல்ற்றுக்கு உயரும். மெய்யான செய்தி இவ்விரு எல்லைகளையும் ஒருபோதும் தொடாது. எனவே எல்லையைத் தொட்ட செய்தி அமுக்கத்தைப் பற்றியதன்று, வழியிலே நேர்ந்த கேட்டைப் பற்றியது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி தெளிந்துகொள்கின்றது.

இங்கேதான் சொல்லாராய்ச்சி வேண்டப்படுகின்றது. கனரக வாகனங்களிற் பெரிதும் வழங்கும் ஜே 1939 என்னும் நியமத்தில், பொதுக்குழாய் அமுக்கத்துக்குரிய எண் 157. அதனோடு குறையின் வகையைக் காட்டும் இன்னோர் எண்ணும் வரும். வகை எண் 3 எனின் மின்னழுத்தம் உயர்ந்துவிட்டது. 4 எனின் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது. இவை தூதனையும் அவன் வரும் வழியையும் பற்றியன. 0 அல்லது 16 எனின் அமுக்கமே மிகுந்துவிட்டது. 1 அல்லது 18 எனின் அமுக்கமே குறைந்துவிட்டது. இவை தூதன் கொணர்ந்த செய்தியைப் பற்றியன. மின்னழுத்தக் குறைவு வேறு, அமுக்கக் குறைவு வேறு. முன்னதைப் பின்னதாகக் கொண்டவர் பழுதற்ற பம்பியைக் கழற்றுவர். பின்னதை முன்னதாகக் கொண்டவர் பழுதற்ற உணரியை எறிவர். தமிழகத்து நூல்களிலே அமுக்கத்தையும் அழுத்தம் என்றே எழுதுவர். நம் நாட்டுப் பாடநூல்கள் அமுக்கம் என்றும் மின்னழுத்தம் என்றும் வேறுபடுத்தி வழங்குவது இவ்விடத்தே பெருநன்மை பயக்கின்றது.

இனி ஆராயும் முறையைக் கூறுவோம். முதலாவது, குறியீட்டை வகை எண்ணோடு முழுதாக எழுதிக்கொள்ளல் வேண்டும். வேறு உணரிகளின் குறிகளும் உடன் தோன்றியுள்ளனவா என்றும் பார்த்தல் வேண்டும். 5 வோல்ற்று மின்னூட்டத்தைப் பல உணரிகள் பகிர்ந்துகொள்வதுண்டு. அவற்றுள் ஒன்று குறுஞ்சுற்றானால் ஏனையவும் பொய்யுரைக்கத் தொடங்கும்.

இரண்டாவது, நெடுநேரம் நின்ற எஞ்சினை இயக்காது சாவியை மாத்திரம் திருப்பிக் கருவியிலே அமுக்கத்தைப் பார்த்தல். அது பூச்சியத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். ஓடாத எஞ்சினில் 200 பார் என்று காட்டுமாயின் பிழை உணரியிலோ வயரிலோ உண்டு. இத்தகைய உணரி எல்லையைத் தொடாமலே பொய் சொல்வது. ஆதலின் இதன் தீங்கு பெரிது. இல்லாத அமுக்கத்தை அஃது உண்டென்று கூற, கட்டுப்பாட்டுப் பெட்டி அதனை நம்பி உள்ள அமுக்கத்தையும் குறைக்கும். எஞ்சின் மெய்யாகவே இளைக்கும்.

மூன்றாவது, இணைப்பைக் கழற்றி உள்ளே பச்சை படிந்துள்ளதா, எண்ணெய் ஊறியுள்ளதா, ஊசிகள் வளைந்துள்ளனவா என்று நோக்கல். பின்னர்ப் பல்மானியால் மின்னூட்ட வயருக்கும் புவித்தொடுப்பு வயருக்கும் இடையே 5 வோல்ற்று உளதா என அளத்தல்.

நான்காவது, உணரி கழன்ற நிலையிற் கருவியை மீண்டும் பார்த்தல். பல எஞ்சின்களில் அப்போது தாழ்வு என்றிருந்த குறி உயர்வு என மாறும். எவ்வாறு மாறும் என்பதை அவ்வவ் எஞ்சினின் கையேடு கூறும். கூறியவாறே மாறினால் வயரும் பெட்டியும் நல்லன, குற்றம் உணரியினது. மாறாவிடின் உணரி குற்றமற்றது; வயரைத் தேடுக.

வன்னியிலே நெல்லேற்றும் லொறியொன்றுக்கு இக்குறை வந்ததைப் பழைய மாணவர் ஒருவர் எனக்குச் சொன்னார். வகை எண் 4. அறுவடைக் காலமாதலின் உரிமையாளர் அவசரப்பட்டார். ஓரிடத்தில் இரு முறை உணரி மாற்றப்பட்டும் லொறி வழியில் நின்றது. பின்பு அதனைப் பார்த்த அம்மாணவர் இணைப்பைக் கழற்றினார், குறி மாறவில்லை. வயர்த் தொகுதியைக் கையால் தடவிச் சென்றவர், தாங்கியொன்றின் விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்த வயரைக் கண்டார். எஞ்சின் அதிரும்போதெல்லாம் செம்பு இரும்பிற் பட்டுச் செய்தி பூச்சியமாகியது. சிறு துண்டு உறையால் தீர வேண்டிய குறைக்கு இரண்டு உணரிகளின் விலையும் ஐந்து நாள் வாடகையும் போயின.

ஐந்தாவது, உணரியும் வயரும் நல்லன எனக் கண்ட பின்னரே எரிபொருள் வழியை ஆராய்தல் முறை. எளியது முதலாக அரியது ஈறாகச் செல்லுதல் நன்று. வடி அடைபட்டுள்ளதா, தாங்கியிலிருந்து வரும் குழாயிற் காற்றுப் புகுகின்றதா, எரிபொருளில் நீர் கலந்துள்ளதா என்பன முதலில். இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் எரிபொருள் அளவுக்கு மிஞ்சியதா, அமுக்கத்தைத் தணிக்கும் வால்வு கசிகின்றதா என்பன அடுத்து. விலை மிகுந்த பம்பியை ஐயுறுவது இறுதியில்.

ஓர் எச்சரிக்கையை இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றேன். பழைய எஞ்சின்களில் எந்த உருளை வேலை செய்யவில்லை என்பதை அறிய, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர்க் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். அவ்வழக்கத்தைப் பொதுக்குழாய் எஞ்சினிற் கையாளுதல் உயிருக்கு ஆபத்து. அங்கிருந்து பீறிடும் எரிபொருள் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி குத்தியது போற் சிறிதாயிருக்கும். நோவும் முதலிற் பெரிதாகத் தோன்றாது. ஆயின் உள்ளே தசை அழுகி விரலோ கையோ இழக்க நேரும். அத்தகைய காயம் பட்டவரைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுக. கசிவைக் கையாலே தேடற்க. அட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுக. எஞ்சினை நிறுத்திய பின்னும், கையேட்டிற் குறித்த நேரம் கழிந்து அமுக்கம் தணியும் வரை குழாயைத் தொடாதிருத்தல் வேண்டும்.

தொழினுட்பம் பயிலும் மாணவர் இதிலிருந்து கைக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கருவி உணரியின் பெயரைச் சொல்வது தீர்ப்பன்று. விசாரணை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்குக் குறிப்பு மாத்திரமே. தூதனையும், அவன் வந்த வழியையும், அவன் கொணர்ந்த செய்தியையும் வேறுவேறாக வைத்து ஆராய்பவனே நல்ல தொழிலாளி. அவனிடம் வாகனத்தை ஒப்படைத்தவர் வீண்செலவின்றிச் செல்வர். அவன் கையும் காயமின்றி இருக்கும். அத்தகைய தொழிலாளர் பலர் நம் கல்லூரியிலிருந்து தோன்றுவாராக.