கரும்புகை சொல்லும் சேதி

பெட்ரோல் கார் ஒன்று கரும்புகை கக்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி?

திருவள்ளூரில் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் உருவானது. 2022 முதல் சிட்ரோயன் சி3 உருவாகிறது. எந்தக் காரானாலும் கணக்கு ஒன்றே: 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் ஒரு பகுதி எரியாமல் கரியாகிறது. அரிக்கேன் விளக்கின் திரியை அதிகம் ஏற்றினால் கண்ணாடி கறுப்பதும் இதனால்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனையில் கரி படிந்திருக்கும்.

பழுதை எங்கே தேடுவது? கார்புரேட்டர் உள்ள பழைய அம்பாசடரில் காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கலாம். சோக் திறக்காமல் நின்றிருக்கலாம். சி3 போன்ற கார்களில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு சிறு கணிப்பொறி. எஞ்சின் சூடேறிய பின்னும் 'குளிராக இருக்கிறது' என்று வெப்ப உணரி தவறாகச் சொன்னால், கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டிவிடும். உணரியைச் சோதித்து மாற்றினால் பழுது தீரும்.

ஓர் எச்சரிக்கை! அரைகுறையாக எரியும் பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அது உயிரையே பறிக்கும். ஆகவே, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஒருபோதும் ஓடவிடக் கூடாது.