இழைப்பூஞ்சைகளில் வளர்ச்சி, வித்தாக்கம், நச்சு உற்பத்தி ஆகியவற்றின் ஒழுங்குமுறை: ஆஸ்பெர்ஜில்லஸ் பேரினத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இழைப்பூஞ்சையின் வளர்ச்சி, வித்தாக்கம், நச்சு உற்பத்தி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை. ஆஸ்பெர்ஜில்லஸ் பேரினத்தில் அவ்வொழுங்குமுறை செயல்படும் விதத்தையும், உணவுப் பாதுகாப்பில் அதன் இன்றியமையாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இழைப்பூஞ்சை, அஃப்ளாடாக்சின், வெல்வெட் புரதங்கள், வித்தாக்கம், நிலக்கடலை

முன்னுரை

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணமாக அமைந்தது. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் பெயரால் அந்நச்சு அஃப்ளாடாக்சின் எனப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் இந்நச்சு சமையல் வெப்பத்தில் முற்றிலும் அழிவதில்லை. எனினும், இப்பூஞ்சை வளரும் இடமெல்லாம் நச்சு தோன்றுவதில்லை. அது எந்நிலையில் நச்சை உருவாக்குகிறது என்பதே இங்கு எழும் வினா.

வளர்ச்சியிலிருந்து வித்தாக்கத்திற்கு

இவ்வினாவிற்கான விடையின் பெரும்பகுதி, ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் உறவினத்தில் நிகழ்ந்த ஆய்வுகளால் கிட்டியது. இவ்வினம் அஃப்ளாடாக்சினின் முன்னோடிச் சேர்மமாகிய ஸ்டெரிக்மட்டோசிஸ்டினை உருவாக்குகிறது. இதன் 'ஃபாட்ஏ' என்னும் ஜி-புரதம் செயல்நிலையில் இருக்கும்வரை இழைகள் நீண்டுகொண்டே செல்லும். வித்தாக்கமும் நச்சு உற்பத்தியும் ஒருங்கே தடைப்படும். 'எஃப்எல்பிஏ' என்னும் புரதம் ஃபாட்ஏவைச் செயலிழக்கச் செய்தபின் அத்தடை நீங்குகிறது. அதன்பின் 'பிஆர்எல்ஏ' மரபணு இயங்கி வித்துத்தண்டு உருவாக வழிவகுக்கிறது. ஆகவே, வளர்ச்சி தணியும் கட்டமே வித்திற்கும் நச்சிற்கும் உரிய கட்டமாகும்.

ஒளியும் வெல்வெட் புரதங்களும்

இப்பூஞ்சை ஒளியில் பாலிலா வித்துகளை மிகுதியாகத் தோற்றுவிக்கும். இருளில் பாலினக் கனியுடல்களை நாடும். இத்தேர்வில் 'வீஏ' புரதம் முதன்மைப் பங்காற்றுகிறது. ஒளியில் அது பெரும்பாலும் உட்கருவிற்கு வெளியே தங்குகிறது. இருளில் 'வெல்பி' புரதத்துடன் இணைந்து உட்கருவினுள் புகுந்து, அங்குள்ள 'லேஏ' புரதத்தோடு சேர்கிறது. வெல்வெட் கூட்டமைப்பு எனப்படும் இம்மூவிணைப்பு 2008இல் விவரிக்கப்பட்டது. பாலின வளர்ச்சியையும் நச்சு உற்பத்தியையும் இதுவே இணைக்கிறது.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸில் அஃப்ளாடாக்சினுக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 70,000 கார இணைகள் நீளமுள்ள ஒரே தொகுதியாக அமைந்துள்ளன. அவற்றை இயக்குவது 'ஏஎஃப்எல்ஆர்' புரதம். வீஏ அல்லது லேஏ மரபணுவை நீக்கினால் நச்சு உற்பத்தி நின்றுவிடுகிறது. பாதகமான சூழலில் பூஞ்சை பிழைத்திருக்க உதவும் கடின இழைமுடிச்சுகளும் தோன்றுவதில்லை. நச்சும் வளர்ச்சி வடிவமும் ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

வேளாண்மையில் இதன் பொருள்

இப்பூஞ்சை 37 பாகை செல்சியசில் நன்கு வளர்ந்தாலும், அதன் நச்சு உற்பத்தி 30 பாகையை ஒட்டியே மிகுகிறது. எனவே, கண்ணுக்குத் தெரியும் பூசணத்தின் அளவைக் கொண்டு நச்சின் அளவைக் கணிக்க இயலாது. நிலக்கடலையில் காய் முதிரும் இறுதி வாரங்களில் நேரும் வறட்சி, பூஞ்சைத் தொற்றிற்கு வழிவகுக்கிறது. அப்பருவத்தில் நீர் பாய்ச்சுதலும், அறுவடைக்குப்பின் காய்களை விரைந்து உலர்த்துதலும் முதன்மையான தடுப்பு முறைகளாகும். அமெரிக்காவின் அரிசோனாவில் பருத்தி வயல்களில் நச்சு உருவாக்காத பூஞ்சை வகையை இட்டு, நச்சு வகையை இடம்பெயரச் செய்யும் முறையும் கையாளப்படுகிறது.

முடிவுரை

பூஞ்சையை முற்றிலும் ஒழித்தல் வயலில் இயலாத ஒன்று. அது நச்சு உற்பத்திக்கு மாறும் கட்டத்தை அறிந்து தடுப்பதே நடைமுறைக்கு உகந்தது. வெல்வெட் கூட்டமைப்பைப் பற்றிய அறிவு அத்தகைய தடுப்பு முறைகளுக்கு அடிப்படையாக அமைகிறது.