மழலையுடன் ஓர் இரயில் நாள்

விடுமுறை வந்துவிட்டால் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி ஒவ்வோர் இல்லத்திலும் எழுகின்றது. கடற்கரை, பொருட்காட்சி, விலங்குக் காட்சிசாலை எனப் பெயர்கள் பல சொல்லப்படும். பள்ளி செல்லும் பிள்ளைகட்கு இவை பொருந்தலாம். ஆனால், ஓரிரு சொற்களை இப்போதுதான் கோக்கத் தொடங்கியுள்ள இரண்டு, மூன்று வயது மழலைக்கு இவற்றுள் பெரும்பகுதி கூட்டமும் இரைச்சலுமாகவே தோன்றும். அதற்குப் போய்ச் சேரும் இடம் ஒரு பொருட்டன்று. போவதிலேதான் அதன் களிப்பெல்லாம். ஆதலின், இரயிலில் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறி வீடு திரும்புவதையே ஒரு நாளின் அலுவலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோர்க்கு நாம் சொல்லி வருகிறோம்.

சென்னையைச் சுற்றி வாழ்வோர்க்கு இது மிக எளிது. தென்னகத்தின் முதல் பயணியர் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் இரயில் வந்தது. 1997-இல் அது திருமயிலையை எட்டியது. 2015-இல் மெட்ரோ இரயில் தொடங்கி, 2018-இல் சென்டிரல் நிலையத்தின் அடிக்கே வந்து சேர்ந்தது. ஆக, நிலத்தின்மேலும் தூண்களின்மேலும் நிலத்தடியிலும் ஓடும் மூவகை வண்டிகளிலும் ஒரே பகலில் ஏறி இறங்கலாம்.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று தாம்பரத்தை அடுத்து வாழ்கின்றது. தந்தை ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். இரவு ஷிப்ட் முடிந்து அவர் வீடு வரும் நேரத்தில் குழந்தை விழித்தெழும். அவரோ உறங்கச் செல்வார். அவர் உறக்கம் கெடலாகாதென்று தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் போய்விடுவார். இரண்டரை வயது மகனுக்கு அப்பா என்பவர் சாத்திய கதவுக்குப் பின்னால் உறங்கும் ஒருவர், அவ்வளவே. அவர் தூக்க வந்தால் அவன் தாயின் சேலையில் முகம் புதைத்துக்கொள்வான். "என் பிள்ளைக்கே நான் அந்நியனாகிவிட்டேன், ஃபாதர்" என்று அவர் ஒருநாள் மனம் வெதும்பிச் சொன்னார். வரும் விடுமுறை நாளை முழுவதும் அவனுக்கே கொடுத்துவிடுங்கள் என்றோம். நாமும் உடன் வரவேண்டுமென்று வற்புறுத்தவே, இசைந்தோம்.

அலுவலகக் கூட்டம் ஓய்ந்தபின், காலை பத்து மணியளவில் ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் வண்டி ஏறினோம். தாய், பாட்டி, தந்தை, பிள்ளை, நாம் என ஐவர். சன்னல் ஓரத்தில் பிள்ளையை நிறுத்திப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பைத் தாய் வேண்டுமென்றே தந்தையிடம் விட்டுவிட்டார். முதல் இரண்டு நிலையங்கள் வரை பிள்ளை திமிறிக்கொண்டிருந்தான். அப்போது எதிர்ப்புறமிருந்து ஒரு வண்டி பேரோசையுடன் கடந்தது. திடுக்கிட்ட பிள்ளை தந்தையின் சட்டையை இறுகப் பற்றினான். பற்றிய கை அப்புறம் விடவில்லை.

கடற்கரை நிலையத்தில் பறக்கும் இரயில் ஆயத்தமாக நின்றது. தந்தை விரைந்தார். பிள்ளையோ நடைமேடையில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் வந்த வண்டி திரும்பிப் போவதை அவன் பார்க்க வேண்டுமாம்! தந்தையின் முகத்தில் சினம் எழுந்ததைக் கண்டோம். எனினும் அவர் ஒரு கணம் நின்று, பின்னர் தாமும் அருகில் குந்திக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது இருவரும் கையசைத்தனர். பெட்டிகளை எண்ணத் தொடங்கினார் தந்தை. "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு" என்று தொடர்ந்தான் மகன். அதற்குள் நாங்கள் ஏறவிருந்த வண்டி போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம், அதனால் எவர்க்கும் யாதொரு நட்டமுமில்லை.

சிந்தாதிரிப்பேட்டைக்கு வரும்போது வண்டி வீட்டுக் கூரைகளின் உயரத்துக்கு ஏறிவிடுகின்றது. மாடிகளில் உலரும் துணிகளும், பக்கிங்காம் கால்வாயும், நமக்குக் கீழே பறக்கும் காக்கைகளும் தெரிந்தன. "காக்கா கீழே!" என்று பிள்ளை கூவியதும், எதிரே இருந்தவர்களும் நகைத்தனர். திருமயிலையில் இறங்கி, கொண்டு சென்ற இட்டிலியை உண்டபின், அதே பாதையில் பூங்கா நகர் வரை திரும்பினோம். சாலையைக் கடந்தால் சென்டிரல். அதன் அடியில் மெட்ரோ.

பூமிக்குள் ஓடும் வண்டியைப் பிள்ளைக்குக் காட்டவேண்டுமென்று பாட்டி முன்னாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வண்டி எழும்பூரைத் தாண்டுமுன் பிள்ளை தந்தையின் தோளில் உறங்கிப்போனான். எழுப்பலாமா என்று பாட்டி கேட்டார். தந்தை வேண்டாமெனத் தலையசைத்தார். கோயம்பேட்டை நெருங்கி வண்டி வெளிச்சத்துக்கு ஏறியபோதும், பரங்கிமலையில் இறங்கி மின்சார இரயிலுக்கு மாறியபோதும் அவர் தோளை மாற்றிக்கொள்ளவே இல்லை. தாய் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், அவர் கொடுக்கவில்லை.

இவ்வாறு புறப்பட விரும்பும் பெற்றோர்க்குச் சில சொற்கள். புறநகர் இரயிலில் மிகக் குறைந்த கட்டணம் 5 ரூபாய்தான். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டுவதில்லை. அவ்வண்டிகளில் கழிவறை கிடையாது. ஏறுமுன் நிலையத்திலேயே கவனித்துக்கொள்க. கதவுகள் திறந்தே இருக்கும் வண்டிகளே மிகுதி. ஆகவே வாயிலருகே நில்லாமல் உள்ளே சென்று அமர்க. வண்டிக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள சந்து மழலையின் காலுக்குப் பெரும்பள்ளம். ஏறும்போதும் இறங்கும்போதும் தூக்கிக்கொள்க. குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது நன்று. இரயில்வேயின் உதவி எண் 139. மாலைக் கூட்டம் தொடங்குமுன் வீடு திரும்பிவிடுக. கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். அன்று அதற்கும் விடுமுறை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய கால அட்டவணையைக் குழந்தையே வகுக்கட்டும். ஒரே வண்டியை மூன்று முறை பார்க்க வேண்டுமென்றால் மூன்று முறை பாருங்கள். கண்டதையே மீண்டும் காண்பதும், கேட்டதையே மீண்டும் கேட்பதும்தான் அவ்வயதில் கற்கும் முறை. திட்டமிட்டதில் பாதியே நிறைவேறினாலும் அந்நாள் பழுதன்று.

ஒரு நாள் பயணம் அனைத்தையும் மாற்றிவிடும் என்று நாம் கூறவில்லை. அத்தந்தைக்கு இன்றும் இரவுப் பணி உண்டு. பகலில் அக்கதவு இன்றும் சாத்தப்படுகின்றது. எனினும், அவர் எழும் வேளையறிந்து பிள்ளை இப்போது கதவுக்கு வெளியே காத்து நிற்கிறானாம். கதவு திறந்ததும் "அப்பா, ரயிலு" என்கிறானாம். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமையை அவனுக்கென்று அவர் ஒதுக்கி வைத்துள்ளார். இதை வாசிக்கும் தந்தையரும் தத்தம் நாட்காட்டியில் அப்படி ஒரு நாளைக் குறித்துவைப்பார்களாக.