ஒரு டன் பூ, ஒரு கிலோ எண்ணெய்

வத்தலக்குண்டுப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ‘சென்ட் விலை’ என்று சொன்னால் போதும், முகம் சுருங்கிவிடும். சித்திரை, வைகாசியில் செடி தாங்காமல் பூக்கும். நிலக்கோட்டை மார்க்கெட்டில் பை பையாக வந்து குவியும். கமிஷன் கடை அண்ணன் தராசில் என் பையை வைக்கும்போதே, “கட்டுறதுக்குக் கேட்பாரில்ல தங்கச்சி, இன்னிக்குச் சென்டுக்குத்தான் போகுது” என்று சொல்லிவிடுவார். மாலை கட்டுகிறவர்களும் வெளியூர் வியாபாரிகளும் வாங்கியது போக மிஞ்சிய பூ சென்ட் கம்பெனி வண்டியில் ஏறும். பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறிய பூ அன்றைக்குப் பறிகூலிக்கே பற்றாது.

அந்தப் பூவிலிருந்து இறக்கும் சுத்தமான எண்ணெய் கிலோ பல லட்சம் ரூபாய். சென்னையில் இருக்கும் நாத்தனார் மகள் ஒரு சின்ன பாட்டிலின் விலையைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊருப் பூதானே அத்தை, இதுக்கா இவ்வளவு?” என்று போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதல் காரணம், பூவில் வாசம் இருக்கிற அளவுக்கு எண்ணெய் இல்லை. ஒரு கிலோ குண்டுமல்லியில் சுமார் 4,000 மொட்டு நிற்கும். ஆயிரம் கிலோ பூவைப் போட்டால் மெழுகு மாதிரி ஒரு பொருள் ஒன்றரைக் கிலோ அளவில் கிடைக்கும். தொழிலில் அதற்குக் ‘கான்கிரீட்’ என்று பெயர். அதிலிருந்து மெழுகை நீக்கினால் ஏறக்குறைய பாதிதான் தேறும். அதுதான் ‘அப்சொலூட்’ எனப்படும் எண்ணெய். ஆக, ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு டன்னுக்கு மேல் பூ வேண்டும். கிலோ 200 ரூபாய் என்று பூவை வாங்கினாலே இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. மல்லிகையின் இன்னொரு வகையான பிச்சிப் பூவில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ‘கோ 1’, ‘கோ 2’ பிச்சி ரகங்களை எண்ணெய்க்கென்றே போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த டன் பூவையும் மனிதக் கைதான் பறிக்க வேண்டும். மல்லிகை பறிக்க இயந்திரம் கிடையாது. தங்கச்சிமடத்துக் கன்று வாங்கி நட்டு, கார்த்திகை வாக்கில் கவாத்து செய்து, மொட்டுப்புழுவுக்கும் செம்பேனுக்கும் மருந்தடித்துக் காப்பாற்றிய செடியில், விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். மறுநாள் மொட்டைச் சேதப்படுத்தாமல், இன்றைக்கு வெடிக்கப்போகிற மொட்டை மட்டும் விரல் நுனியால் கிள்ள வேண்டும். இன்றைய மொட்டு பால் வெள்ளையாக, காம்பு நீண்டு, தொட்டால் கொஞ்சம் இளகி நிற்கும். நாளைய மொட்டில் பச்சை தட்டும். இருட்டில் இந்த வித்தியாசத்தைக் கண் பார்ப்பதைவிட விரல்தான் சொல்லும். மணிக்கு ஒரு கிலோ பறித்துவிட்டால் அது நல்ல கை.

பூ வந்து சேர்ந்த பிறகும் அவசரம் ஓயாது. குண்டுமல்லி சாயங்காலத்துக்கு மேல்தான் மலரும், மலர்ந்தால்தான் வாசம் முழுதாக வரும். சென்ட் கம்பெனியில் மொட்டைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி வைத்து, விரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக இயந்திரத்தில் போடுவார்கள். விடிந்தால் வாசம் இறங்கத் தொடங்கிவிடும். பிச்சி என்றால் விரிந்த பூவாகவே விடியலில் பறித்து, வெயில் ஏறுமுன் கொண்டு சேர்க்க வேண்டும்.

ஊட்டியில் தைல இலையைக் கொதிக்க வைத்து ஆவியில் எண்ணெய் இறக்குகிறார்களே, அப்படி மல்லிகையை இறக்க முடியாது. சூட்டில் வாசம் கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பூவின் மேல் ஓடவிட்டு வாசத்தை அதில் இறக்குகிறார்கள். பிறகு காற்றழுத்தத்தைக் குறைத்து, கொஞ்சச் சூட்டிலேயே ஹெக்சேனைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது கான்கிரீட். அதை எத்தனாலில் கரைத்து நன்றாகக் குளிரவைத்தால் மெழுகு உறைந்து ஒதுங்கும். வடிகட்டி எத்தனாலையும் நீக்கினால் எண்ணெய். ஹெக்சேன் சீக்கிரம் தீப்பற்றும், அதற்கேற்ற பாதுகாப்பு வேண்டும். எண்ணெயில் அது தங்கியிருக்கிறதா, மருந்து எச்சம் இருக்கிறதா, கலப்படம் உண்டா என்று ஆய்வகத்தில் பார்க்காமல் வெளிநாட்டுக்காரர் வாங்க மாட்டார். பூ குறைந்து விலை ஏறிய மாதங்களில் இயந்திரம் சும்மா கிடக்கும், அதற்கும் வட்டி கட்டியாக வேண்டும்.

வலிக்கும் தூக்கத்துக்கும் என்று, கஞ்சாச் செடி வகையிலிருந்து இறக்கும் சி.பி.டி. எண்ணெய் வாங்குகிறவர்களும் இப்படித்தான் விலையைப் பார்த்து மலைக்கிறார்கள். அதிலும் செடியிலிருந்து கரைப்பானால் பிரித்து, குளிரவைத்து, மெழுகு நீக்குகிற வேலை உண்டு. கூடவே போதை தரும் டி.எச்.சி. எவ்வளவு இருக்கிறதென்று ஒவ்வொரு தொகுப்பையும் சோதிக்க வேண்டும். கஞ்சாச் செடியின் இலையையும் விதையையும் விட்டு, பூக்கதிரை 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. போதை குறைந்த ஹெம்ப் வகையைப் பயிரிட உத்தராகண்ட் 2018-இல்தான் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. விளைச்சல் கொஞ்சம், உரிமமும் சோதனையும் அதிகம் என்றால் விலை எப்படி இறங்கும்?

மல்லிகைக்கு உரிமம் தேவையில்லை. அதற்குப் பதில் போலி இருக்கிறது. மல்லிகை வாசத்தில் முக்கியப் பங்குள்ள பென்சைல் அசிட்டேட்டைத் தொழிற்சாலையில் மலிவாகத் தயாரிக்கலாம். கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘மல்லிகை எண்ணெய்’ பெரும்பாலும் அந்த மாதிரிச் செயற்கை வாசம் சேர்த்த வேறு ஏதோ எண்ணெய்தான். வாசம் பிடித்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பூவிலிருந்து வந்ததென்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

உலகச் சந்தைக்குப் பிச்சி எண்ணெய் போவது பெரும்பாலும் எகிப்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும்தான். பிரான்ஸின் வாசனைத் திரவியக்காரர்களுக்கு நம் பக்கத்துப் பூ நன்றாகத் தெரியும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் எண்ணெய்க்குப் போகும் பூவுக்கு, மார்க்கெட்டில் மிஞ்சியதற்குள்ள விலைதான் வைக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. மிஞ்சின பூவாகவே இருக்கட்டும், பறித்த கைக்குக் கூலி ஒன்றுதானே?

வருஷத்துக்கு இவ்வளவு கிலோ, இன்ன விலைக்குக் குறையாமல் என்று கம்பெனிகள் விவசாயிகளோடு முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். பால் சங்கம் மாதிரி பூ விவசாயிகள் சேர்ந்து, கான்கிரீட் வரைக்குமாவது இறக்கும் ஆலை ஒன்று நிலக்கோட்டைப் பக்கம் வைக்க அரசு கடன் கொடுக்க வேண்டும். மெழுகுப் பதத்தில் இருக்கும் கான்கிரீட்டைப் பூ மாதிரி அன்றைக்கே விற்றுத் தீர்க்க வேண்டியதில்லை. டப்பாவில் அடைத்துக் குளிர்ச்சியாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. விலை படியும் வரை எங்களால் காத்திருக்க முடியும்.