தொங்கலமைப்புப் புஷ்

தொங்கலமைப்புப் புஷ் (சஸ்பென்ஷன் புஷ்) என்பது மகிழுந்தின் சக்கரத்தைத் தாங்கும் கைகளுக்கும் சட்டகத்துக்கும் இடையே பொருத்தப்படும் இரப்பர் உருளை ஆகும். இது அதிர்வை உள்வாங்குகிறது. டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமாக 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும், அதே வழிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் (1962–1980) விளையாட்டு மகிழுந்திலும் முன்சக்கரக் கைகளில் இவை உள்ளன.

வெப்பம், எண்ணெய் ஆகியவற்றால் இரப்பர் நாளடைவில் வெடித்துத் தேய்கிறது. அப்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரக் கோணம் மாறி, வண்டி ஒருபுறம் இழுக்கும். தென்காசி, குற்றாலம் பகுதியிலிருந்து செங்கோட்டை வழியாக ஆரியங்காவு செல்லும் மலைப்பாதை வளைவுகளில் இது ஆபத்தானது.

தேய்ந்த புஷ் அழுத்துபொறியால் வெளியேற்றப்பட்டுப் புதியது பொருத்தப்படுகிறது. வண்டியின் எடை சக்கரங்கள் மீது இறங்கிய பின்னரே மரையாணிகளை இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால், இறக்கியதும் இரப்பர் திருகப்பட்டு விரைவில் கிழிந்துவிடும். இறுதியாகச் சக்கர ஒழுங்கு சரிபார்க்கப்படுகிறது.