பழைய சங்கீத இராகங்களைப் பதிப்பித்தலும் கணினியின் துணையும்

1551ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெனீவா நகரில் லூயி பூர்ஷ்வா என்னும் இசைவல்லுநர் சிறையிலடைக்கப்பட்டார். மக்கள் பாடிப் பழகியிருந்த சங்கீத இராகங்களை அனுமதியின்றி மாற்றினார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். கால்வின் தலையிட்டதால் அவர் விரைவில் விடுதலையடைந்தார். நம் ஆலயங்களிலும் பாடப்பட்டுவரும் ‘பழைய நூறாம் சங்கீதம்’ என்னும் இராகம், அதே ஆண்டு ஜெனீவாப் பதிப்பில் 134ஆம் சங்கீதத்துக்கு உரியதாக வெளிவந்ததாகும்.

இன்று அத்தகைய மாற்றத்தைச் செய்ய எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. மியூஸ்ஸ்கோர் போன்ற கட்டணமற்ற மென்பொருள் ஒன்றிருந்தால், இறையியல் மாணவர் ஒருவர் பதினாறாம் நூற்றாண்டு அச்சுப் பிரதியை இக்காலச் சுரக்குறிப்பில் எழுதி, அப்பொழுதே ஒலிக்கச் செய்து கேட்கலாம். இது பெரிய நன்மையே. ஆயினும் செவிக்கு இனிதாயிருப்பது வேறு. மூலத்துக்கு உண்மையாயிருப்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பதிப்பாசிரியர் எங்ஙனம் காத்துக்கொள்ளலாம் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

1. மூலப் பிரதியின் இயல்பு

ஜெனீவா சங்கீத நூல் 150 சங்கீதங்களும் அடங்கியதாக 1562இல் நிறைவுபெற்றது. சபையார் ஆலயத்தில் அவற்றை ஒரே குரலாக, வாத்தியமின்றிப் பாடினர். கிளோத் கூடிமேல் என்பார், இல்லங்களில் பாடுவதற்கென 1564, 1565 ஆகிய ஆண்டுகளில் அவற்றுக்கு எளிய நாற்குரல் இசையமைப்பை வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவற்றில் இராகம் மேற்குரலில் அன்று, டெனார் குரலில் அமைந்துள்ளது. நான்கு குரல்களும் தனித்தனியே அச்சிடப்பட்டன. சுரங்களை அளவாகப் பிரிக்கும் செங்குத்துத் தாளக்கோடுகள் இல்லை. சொற்றொடரின் முடிவில் ஒரு சுரத்தை அரைச்சுரம் உயர்த்த வேண்டுமாயின், பல இடங்களில் பாடகரே அதனை அறிந்து உயர்த்த வேண்டியிருந்தது.

2. எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மென்பொருளோ, எழுதத் தொடங்கும் முன்னரே, தாளம் யாது என்று நம்மைக் கேட்கிறது. நாம் நான்கு என விடையளித்தால், நான்கிற்கொரு கோடு இடுகிறது. நீண்ட சுரம் அக்கோட்டைக் கடந்தால், அதனை இரண்டாக வெட்டி வளைகோட்டால் இணைக்கிறது. பாடுவோர் கோட்டுக்கு அடுத்த சுரத்தை அழுத்திப் பாடுவர். மூலத்தில் இல்லாத அழுத்தம் இவ்வாறு புகுந்துவிடுகிறது. ஆகவே கோடுகளை மறைத்துவிடலாம். அல்லது குரல்வரிகளின் மேல் படாமல், வரிகளுக்கு இடையில் மட்டும் அவற்றை இடலாம்.

உயர்த்த வேண்டிய சுரத்தைப் பதிப்பாசிரியர் தாம் தீர்மானித்தால், ஷார்ப் குறியைச் சுரத்தின் பக்கத்தில் இடாமல் அதன் மேலே சிறிதாக இடுவது வழக்கம். இயந்திரம் அதனை வெறும் அடையாளமாகவே கொண்டு, சுரத்தை உயர்த்தாமல் ஒலிக்கிறது. உயர்த்திக் கேட்க வேண்டுமாயின், உண்மையான குறியைச் சுரத்தோடு சேர்த்து, அதனைக் கண்ணுக்கு மறைத்துவைத்தல் வேண்டும்.

3. ஒலியின் துணையும் மயக்கமும்

பிழை காண்பதற்கு ஒலிப்பு மிகவும் உதவுகிறது. ஒரு புள்ளி விடுபட்டால் ஒரு குரல் முந்திவிடும். ஒரு சுரம் ஒரு கோடு மாறினால் செவி உடனே கூசும். ஆயினும் எல்லாப் பிழையும் கூசுவதில்லை. கூடிமேலின் சங்கீதமொன்றை எழுதியபோது, டெனார் குரலுக்குரிய கிளெஃப் குறியின் கீழ் இடவேண்டிய சிறிய 8 என்னும் எண்ணை நாம் மறந்துவிட்டோம். அதனால் அக்குரல் ஒரு ஸ்தாயி மேலே ஒலித்தது. நடுவில் மறைந்திருக்க வேண்டிய இராகம் எல்லாக் குரல்களுக்கும் மேலாக எழுந்தது. மேற்குரலிலேயே இராகத்தைக் கேட்டுப் பழகிய எமக்கு அது மிக இனிமையாயிருந்தது, சரியெனவே கொண்டோம். பழைய அச்சின் கிளெஃப் குறியோடு ஒப்பிட்டபோதுதான் பிழை வெளிப்பட்டது.

வேகமும் இத்தகையதே. நாம் ஒன்றும் குறிக்காவிடில், மென்பொருள் நிமிடத்துக்கு 120 கால்சுரம் என வைத்துக்கொள்கிறது. அப்பொழுது முழுச்சுரம் இரண்டு வினாடி நிற்கும். 1496இல் கஃபூரியஸ் என்னும் இசையறிஞர் அதே சுரத்தை அமைதியாக மூச்சுவிடும் மனிதனின் நாடித்துடிப்போடு ஒப்பிட்டார்; அது ஏறக்குறைய ஒரு வினாடியே. மேலும், இயந்திரம் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிப்பதால், சட்சத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலான தொலைவு, இயல்பாக இசையும் அளவைவிட அரைச்சுரத்தில் நூற்றுக்கு 14 பங்கு மிகுகிறது. அதற்கு மூச்சும் இல்லை. சொல்லின் பொருளும் தெரியாது.

4. பதிப்பாசிரியர் கடமை

திருமறையின் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்வோர், தாம் சேர்த்த சொல்லை அடைப்புக்குறிக்குள் இட்டு, மாற்றத்தின் காரணத்தை அடிக்குறிப்பில் தருவதை நாம் அறிவோம். இசையிலும் அந்நேர்மை வேண்டும். முதல் வரியின் தொடக்கத்தில் பழைய கிளெஃப் குறியையும் முதற்சுரத்தையும் மூலத்தில் உள்ளவாறே காட்டுக. சுர அளவுகளைப் பாதியாகக் குறைத்திருப்பின் அதனைச் சொல்லுக. வேகக் குறிப்பு நம்முடையதாயின், நம்முடையதென எழுதுக. திருத்தாத படியொன்றைத் தனியே காத்துவைக்க.

நெடிலும் குறிலுமாக நடந்த ஜெனீவா இராகங்கள் பல, பிற்காலத்தில் எல்லாச் சுரமும் சமமாக்கப்பட்டு நம் கைக்கு வந்துள்ளன. யார், எப்போது, ஏன் மாற்றினர் என்பதைப் பாடும் சபை அறியாது. பூர்ஷ்வா செய்த மாற்றத்தை ஊர் அறிந்தது. அதனால் அதுபற்றி வழக்காடவும் முடிந்தது. நாம் செய்யும் மாற்றமும் அவ்வாறே வெளிப்படையாயிருப்பதாக. அதன்பின் கணினியை அணைத்துவிட்டு, நால்வரை அழைத்துப் பாடச் செய்து கேட்போமாக.