பயிற்சி முடிந்த மறுநாள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பொன்முடியை அடைகிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலைக்கு வருவோர் மூடுபனியையும் புல்வெளியையும் தேயிலைச் சரிவையும் கண்டு மகிழ்ந்து மாலையில் இறங்கிவிடுகின்றனர். இறங்காமல் அங்கேயே வாழ்வோர் இருவகையினர். ஒரு சாரார் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்; அவர்களுள் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. மற்றொரு சாரார் அகத்தியமலைக் காடுகளின் தொல்குடியினரான காணிகள். நம் பாபநாசம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் வாழும் காணிகளுக்கு இவர்கள் உறவினர்.

தோட்டம் நொடித்தால் தொழிலாளர் வீட்டில் அடுப்பெரிவது அரிதாகும். அருகிலுள்ள போனக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து கிடப்பதே அதற்குச் சான்று. காட்டுக்குள் உள்ள குடியிருப்புகளிலோ, பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய இளைஞருக்குக் கூலி வேலையைத் தவிர வேறு வழி எளிதில் அமைவதில்லை. இத்தகையோரைக் கருத்திற்கொண்டே அரசு தொழிற்பயிற்சிக்கு நிதி ஒதுக்குகிறது. அந்த நிதி எப்போது வாழ்வாதாரமாக மாறுகிறது, எப்போது வெறும் சான்றிதழாக நின்றுவிடுகிறது என்பதற்கு இம்மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1987-ஆம் ஆண்டு அகத்தியமலையில் ஆய்வு மேற்கொண்ட அறிவியலாளர் குழுவுக்குக் காணிகள் வழிகாட்டிகளாகச் சென்றனர். மலையேற்றத்தில் ஆய்வாளர்கள் சோர்ந்தபோதும் வழிகாட்டிகள் சோரவில்லை. அவர்கள் அவ்வப்போது மென்ற சிறு காய்களே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் அச்செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் அதன் தயாரிப்பு உரிமையை ஏழாண்டுகளுக்குப் பெற்றது. கிடைப்பதில் பாதி காணிகளுக்கு என ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. அதற்கென 1997-இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. 1999-இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை அதன் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. முதலை நிலை வைப்பில் இட்டு, வட்டியை மட்டும் நலப்பணிகளுக்குச் செலவிடுவதென அறக்கட்டளையினர் முடிவெடுத்தனர்.

இதனோடு இணைந்த மற்றொரு முயற்சியே நம் பொருளுக்கு நெருக்கமானது. மருந்துக்கு இலை தேவைப்பட்டதால், ஆரோக்கியப்பச்சையைப் பயிரிடக் காணிக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு நிதியும் தந்தது. கற்பிக்க அறிவியலாளர் இருந்தனர். வாங்க நிறுவனம் இருந்தது. உழைக்கக் குடும்பங்கள் முன்வந்தன. ஆயினும் முயற்சி வேரூன்றவில்லை. அச்செடி தன் இயல்பான காட்டுச் சூழலில் வளர்ந்தால்தான் மருந்துக்குரிய தன்மையைப் பெறும். அந்தக் காடோ வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரிய செடி அழிந்துவிடும் என்ற அச்சத்தால் அத்துறை சாகுபடிக்கும் இலை விற்பனைக்கும் இசையவில்லை. அவ்வச்சமும் பொருளற்றதன்று. ஆனால் ஒரு துறை கற்றுக்கொடுத்த தொழிலை மற்றொரு துறையின் ஒப்புதல் இல்லாமல் செய்ய முடியாது என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒதுக்கப்படும் பணம் வகுப்பறை வாசலோடு நின்றுவிடலாகாது என்பதே இதன் பாடம். கற்ற மறுநாள் தொழில் செய்ய இடமும் ஒப்புதலும் முதலும் சந்தையும் வேண்டும். வசதியுள்ள இளைஞன் இவற்றைத் தேடி ஆறு மாதம் காத்திருப்பான். அன்றாடங்காய்ச்சியால் ஆறு நாள் காத்திருக்கவும் இயலாது. அவன் மீண்டும் கூலிக்கே போய்விடுவான்.

பிற்காலத் திட்டங்கள் சில இதனை ஓரளவு உணர்ந்தே வகுக்கப்பட்டன. 2014-இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவைக் கேரளத்தில் குடும்பஸ்ரீ செயல்படுத்தியது. பயிற்சி பெற்றோரில் 70 விழுக்காட்டினருக்கேனும் வேலை கிடைக்க வேண்டும் என்பது அதன் விதி. நிதியில் பாதி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரியது. வேலையில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு: சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் 3 மாதம், வெளிமாநிலம் என்றால் 6 மாதம். மலையிலிருந்து முதன்முறையாக நகரத்துக்கு வரும் இளைஞருக்கு, முதல் சம்பளம் வரும்வரை அறை வாடகைக்கு உதவும் அத்தொகை சிறிதன்று.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு வங்கிகளே நடத்தும் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய நிலையமே இவற்றுக்கு முன்மாதிரி. உணவும் தங்குமிடமும் இலவசம். ஏழை மாணவர்களின் பயிற்சிச் செலவை ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஈடு செய்கிறது. பயிற்சி முடிந்தபின் குறைந்தது ஈராண்டு காலம் நிலையத்தார் தொடர்பில் இருந்து, கடன் பெறவும் தொழில் நடத்தவும் துணைநிற்க வேண்டும். இம்முறையின் உயிர்நாடி அந்த ஈராண்டுதான்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களுக்கு உரியது. கூடை, பாய், துடைப்பம் முடைவோரும் அவற்றுள் அடங்குவர். ஆகவே ஈற்றை கொண்டு கூடை முடையும் மலைவாழ் மக்களுக்கும் இது பயன்படக்கூடும். பயிற்சி நாள்களில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், பின்னர் பிணையின்றி 1 லட்சம், அதைத் திருப்பிச் செலுத்தியபின் 2 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் கடன் என அது படிப்படியாக அமைந்துள்ளது. கற்கும் நாளின் கூலி இழப்பை ஈடு செய்வதே அதன் முதற்படி என்பது கவனிக்கத்தக்கது.

வாடிக்கையாளர்களாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. நம் வீட்டில் பணிபுரிபவரின் மகனோ, ஊரில் படிப்பை விட்ட பெண்ணோ இத்தகைய பயிற்சியை நாடினால், சேரும் முன்னரே சில வினாக்களைக் கேட்கச் சொல்வோம். பயிற்சி நாள்களில் உதவித்தொகை உண்டா? முடிந்தபின் வேலையா, கடனா. அதற்குப் பொறுப்பேற்பவர் யார்? தொழிலுக்கு எந்தத் துறையின் உரிமம் தேவை? தம் பெயரில் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு இருக்கிறதா? வழி அறியாதவரை மாவட்டத்தின் முன்னோடி வங்கி அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கலாம். சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தின் முகவரியும் அடுத்த பயிற்சியின் நாளும் அங்கே தெரியும்.

அகத்தியமலைக் காணிகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர்; அறிவியலாளர்க்கே வழிகாட்டியவர்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது கற்றதைத் தொழிலாக்கும் வாய்ப்பு. அரசின் நிதியும் வங்கியின் கடனும் துறைகளின் ஒப்புதலும் ஒரே நேரத்தில் வந்து சேருமானால், பயிற்சி முடிந்த மறுநாளே அவ்வாய்ப்பு பிறந்துவிடும்.